முத்துவின் நாக்கு

1

ரங்கூனில் எனக்கு இன்னொரு வருஷம் முடிந்தது என்பதை நான் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. மாசி வெயில் ஏறும்போது தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போக வேண்டும். அந்த அலுவலகத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். போன புதன்கிழமை போயிருந்தேன். இருபத்திரண்டாவது தடவை.

(யாங்கோன் என்றுதான் எழுத வேண்டும் என்பாள் என் மகள். தூத்துக்குடியில் இருக்கிற உங்களுக்கு ரங்கூன் என்றால்தான் தேக்கும் செட்டியாரும் ஞாபகம் வரும். அப்படியே இருக்கட்டும்.)

அதே நீலப் படிவம், அதே நாலு நகல், நாலிலும் ஒட்ட அதே அளவு போட்டோ. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சீனக் கிழவர் தன் பிறந்த ஊரைப் பர்மிய எழுத்தில் எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டார். நானே என் ஊரை வருஷத்துக்கு ஒரு விதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷம் 'தூதுகோதி' என்று எழுதி, அதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் அலைய விட்டார்கள். கவுண்டரில் இருக்கிற அம்மாள் இப்போது என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை விழுது பூசி, விசிறியைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டாள். வயதானவருக்கு ஊ, இளையவருக்குக் கோ, இங்கே பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதை.

"ஊ செல்வராஜ், போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் ஏதாவது மாற்றம் உண்டா?"

"ஒன்றும் இல்லை" என்றேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள்.

வேறென்ன சொல்வது? வீடு மாறினால் ஒரு கட்டம், வேலை மாறினால் ஒரு கட்டம், பெண்டாட்டி மாறினால் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். மூன்று பேருடைய வயலை அழித்தேன் என்று எழுதக் கட்டம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். என் மகள் சுமதிக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. என் மனைவி தனம் பத்திரிகை எழுத்தைப் பார்த்தாலே கொட்டாவி விடுவாள். ஆக, இந்த ஊரில் இதைப் படித்துவிட்டு என் முகத்தில் காறித் துப்ப ஆள் கிடையாது. தைரியமாக எழுதலாம்.

2

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. 'கப்பல்ல என்னமோ பாக்கான்' என்று என் அக்கா சொல்லி வைத்திருக்கிறாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. மணல் ஏற்றுகிற பார்ஜை, அந்தப் பெரிய இரும்புத் தோணியை, தராசில் வைத்து நிறுக்க முடியாது. தண்ணீர்தான் தராசு. காலியாக நிற்கும்போது எவ்வளவு முங்கியிருக்கிறது, மணல் ஏற்றிய பிறகு எவ்வளவு முங்கியிருக்கிறது என்று தோணியின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற எண்களைப் படித்துக் கணக்குப் போட்டால், உள்ளே எத்தனை டன் என்று வந்துவிடும்.

அதில் ஒரு சங்கதி உண்டு. நல்ல தண்ணீரில் தோணி கூடுதலாக முங்கும், உப்புத் தண்ணீரில் சற்றுத் தூக்கி நிற்கும். ஆகவே தோணி நிற்கிற தண்ணீரை மொண்டு, கோடு போட்ட கண்ணாடிக் குழல் ஒன்றை அதில் மிதக்கவிட்டு, எவ்வளவு உப்பு என்று பார்த்து எழுத வேண்டும். என்னைச் 'சயா' என்று இங்கே கூப்பிடுவதெல்லாம் அந்தக் கண்ணாடிக் குழலுக்குக் கொடுக்கிற மரியாதை. சயா என்றால் வாத்தியார், வைத்தியர், விஷயம் தெரிந்தவர்.

உப்பு எனக்குப் புதிதா? அப்பா உப்பளத்தில் பாத்தி பார்த்தவர். இதே மாதிரிக் குழலை அவரும் பாத்தித் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வரப்பில் உட்கார்ந்துதான் நான் வாய்ப்பாடு படித்தேன். அப்பா குழலைத் தூக்கிப் பார்த்த பிறகும் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைப்பார். அதைப் பார்த்து நான் சிரிப்பேன். மெஷின் சொன்ன பிறகு நாக்கு எதற்கு என்று கேட்பேன். அவர் அடுத்த பாத்திக்குப் போய்விடுவார்.

தண்ணீர் மொள்ளுவதற்கு ஒரு விதி இருக்கிறது. மேலாக மொள்ளக் கூடாது. உப்புத் தண்ணீர் கனம், அடியில் தங்கும். நல்ல தண்ணீர் அதற்கு மேல் போர்வை மாதிரி கிடக்கும். ஈயக்குண்டு கட்டிய பாட்டிலை மூடியோடு ஆழத்தில் இறக்கி, கயிற்றைச் சுண்டி, அங்கே போய்த்தான் மூடியைத் திறக்க வேண்டும். என்னிடம் அந்தப் பாட்டில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் கயிறு இற்று அறுந்தது. தாமுவே சந்தை என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை, அங்கே கயிற்றுக்கடை மட்டும் நாலு இருக்கிறது. நான் வாங்கவில்லை. ஏழு வருஷமாக வாங்கவில்லை.

எதற்கு வாங்க வேண்டும்? நாங்கள் மணல் எடுப்பது மாவ்பிக்கு மேற்கே, லைங் ஆற்றில். கடல் எங்கே, மாவ்பி எங்கே? பிளாஸ்டிக் வாளியால் மேலாக மொண்டு, குழலை விட்டு, 'நல்ல தண்ணீர்' என்று எழுதினேன். பொய் எழுதவில்லை. குழல் அப்படித்தான் காட்டியது.

மணல் எங்கே போகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இந்துமாக்கடலில் ஒரு தீவு நாடு. பெயரைச் சொன்னால் எனக்கு வேலை போய்விடும். அங்கே மலை கிடையாது, குன்று கிடையாது, ஆறும் கிடையாது. கடல் வருஷா வருஷம் மேலே வருகிறது. தெருவை உயர்த்தவும், சுற்றிச் சுவர் கட்டவும் அவர்களுக்கு ஆற்று மணல் வேண்டும். கடல் மணலில் உப்பு இருக்கும். உப்பு இருந்தால் சுவருக்குள் இருக்கும் கம்பியைத் தின்றுவிடும். நம் தூத்துக்குடிக் கடலிலும் சின்னத் தீவுகள் ஒன்றிரண்டு முங்கிப் போனது உங்களுக்குத் தெரியும். அவற்றில் ஆள் இல்லை, அதனால் யாரும் அழவில்லை. இது ஆள் இருக்கிற தீவு. ஒரு நாட்டைத் தூக்கி நிறுத்துகிற வேலையில் எனக்கும் பங்கு உண்டு என்று பாபேடான் பேட்டை லாபெயே டீக்கடையில் உட்கார்ந்து நான் பெருமை பேசியிருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டவர்களும் உண்டு.

3

தனத்தின் தம்பி முத்து. பர்மியப் பெயர் வேறு இருக்கிறது, வீட்டில் முத்து. அவர்களுடைய பூட்டன் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறியவர். பூட்டி பர்மாக்காரி. முத்து முருகனையும் கும்பிடுவான், புத்தர் பகோடாவுக்கும் பூ வைப்பான். லைங் ஆற்றங்கரையில் அவனுக்கு ஐந்து ஏக்கர். மழை நெல் ஒன்று, ஆற்றிலிருந்து பம்பு வைத்துக் கோடை நெல் ஒன்று. எங்கள் கம்பெனியின் மணல் துறை அவன் வயலிலிருந்து கூப்பிடு தூரம்.

அவனைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டில் என் கைவரிசையைக் காட்ட, தூத்துக்குடி முறையில் ஒரு மீன்குழம்பு வைத்தேன். இங்கே வாங்கிய மிளகாயின் அளவு எனக்குப் பிடிபடவில்லை. வாயில் வைத்தால் உயிர் போகிற காரம். முத்து கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டான். "நல்லாருக்கு அத்தான்" என்று இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான் என்று தனம் எனக்குச் சொன்னது ஐந்து வருஷம் கழித்து.

இதற்குப் பர்மியில் 'ஆனாதே' என்று பெயர். எதிரில் இருப்பவர் மனம் கோணிவிடக் கூடாதே என்று தன் வாயைத் தானே கட்டிக்கொள்வது. நம்மிடமும் தாட்சண்யம் உண்டு. ஆனால் நம்முடைய தாட்சண்யம் வாசலோடு சரி, ஆள் தெருமுனை திரும்பியதும் நாக்கு அவிழ்ந்துவிடும். இவர்களுடையது அப்படி இல்லை.

போன வருஷம் இதே மாசியில் முத்து போன் செய்தான்.

"அத்தான், ஆத்துத் தண்ணி ஒரு மாதிரி இருக்குன்னு பக்கத்து வயக்காரங்க சொல்றாங்க. பயிரு தொண்டைக்கதிர்ல நிக்குது. பம்பு போடறதா வேணாமான்னு நீங்க ஒரு தரம் வந்து பாத்துச் சொல்லிட்டா மனசு நிம்மதி."

போனேன். குழலை வெல்வெட் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன், கல்யாண நகை மாதிரி. ஆற்றங்கரையில் முத்துவும், அடுத்தடுத்த வயல்காரர்களான ஊ டின், கோ லாட் இருவரும், வேடிக்கை பார்க்க ஊர்ச் சனம் இருபது பேரும் நின்றார்கள். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வெயிலுக்கு ஒருத்தன் குடை பிடித்தான். நான் வாளியை இறக்கி மேலாக மொண்டு, குழலை விட்டு, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கோடு சரியாக நல்ல தண்ணீரில் நின்றது.

"நல்ல தண்ணி. தாராளமா ஊத்துங்க" என்றேன் பர்மியில்.

ஊ டின் வயசானவர். வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, ரொம்பத் தயங்கி, "காலையில் வாய் கொப்புளித்தபோது நாக்கில் கொஞ்சம் ஏதோ பட்டது சயா" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. "நாக்கு வெற்றிலை போடும், கள்ளுக் குடிக்கும், பொய் சொல்லும். இந்தக் குழலுக்கு அந்தப் பழக்கம் ஒன்றும் இல்லை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஊ டினும் சிரித்தார்.

முத்து பம்பை முடுக்கினான். அதன் குழாய் முனை ஆற்றின் அடியில் கிடந்தது. நான் மொண்டது மேல் தண்ணீர், அது உறிஞ்சியது அடித் தண்ணீர். வயல் வாய்க்காலில் முதல் தண்ணீர் விழுந்ததும் முத்து இரண்டு கையாலும் ஏந்தி வாயில் விட்டான். ஒரு நிமிஷம் வாயிலேயே வைத்திருந்தான். விழுங்கினான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சரிங்க சயா" என்றான். அத்தான் என்று சொல்லவில்லை. ஊர் முன்னால் சயா என்று சொன்னான். எனக்கு அது இனித்தது.

4

பன்னிரண்டு நாள் கழித்து அந்தத் தீவு நாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆமினா, இன்ஜினியர், என் மகளைவிட இரண்டு வயது மூத்தவள். மணலைப் பார்த்து ஒப்புக்கொள்ள அவர்கள் அரசாங்கம் அனுப்பியிருந்தது. துறையில் நின்ற பார்ஜில் ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். குனிந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

இங்கிலீஷில்தான் பேசினாள். "இதை ஆற்று மணல் என்று யார் எழுதியது?" என்றாள்.

நான்தான் என்றேன். பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்து, மணலைக் கழுவிய தண்ணீரை அதில் விட்டு, உப்பைக் காட்டிக்கொடுக்கிற ஒரு மருந்தைச் சொட்டினாள். தெளிந்து கிடந்த தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்தது. பிறகு அவளிடம் இருந்த பாட்டிலை, கயிறு அறாத பாட்டிலை, ஆற்றின் ஆழத்துக்கு இறக்கி மொண்டாள். என் குழலை வாங்கி அதிலேயே விட்டாள். ஒன்றரைக் கோடு ஏறியிருந்தது. பார்ஜின் எடைக்கு அந்த ஒன்றரைக் கோடு பெரிய விஷயமில்லை. தொண்டைக்கதிரில், கதிர் வெளியே வரும் தறுவாயில், நிற்கிற நெல்லுக்கு அது விஷம். உப்பளத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பார்ஜில் நின்றபடியே முத்துவுக்குப் போன் செய்தேன்.

"முத்து, பம்பை நிறுத்து. ஆத்துத் தண்ணி விடாத."

"நாலு தரம் பாய்ச்சியாச்சே அத்தான்" என்றான். கோபம் இல்லை. சாப்பிட்டாச்சே என்று சொல்வது போலச் சொன்னான்.

அன்று மாலை ஆமினாவைச் சாப்பிடக் கூட்டிப் போனேன். வீட்டில் கரண்ட் இல்லை. தனம் ஜன்னலோரம் பாய் போட்டாள். ஆமினா சோற்றைப் பிசைந்தபடி தன் ஊரைப் பற்றிச் சொன்னாள். "எங்கள் தீவில் உயரமான இடம் எது தெரியுமா? பள்ளிக்கூடத்து மேடை. நான் பரிசு வாங்கின மேடை. பெரிய அலை வருகிற நாளில் எல்லோரும் அங்கே போய் உட்காருவோம். கோழியையும் தூக்கிக்கொண்டு போவோம். கிணறு உப்பாகிவிட்டது. அம்மா உலையில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள், தேவையில்லை."

உப்பு ஏன் இவ்வளவு தூரம் ஆற்றில் ஏறியது என்று கேட்டேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "கடல் உயர்ந்திருக்கிறது, அது ஒன்று. நீங்கள் மணல் எடுத்து ஆற்றைப் பள்ளமாக்கிவிட்டீர்கள், அது இரண்டு. பள்ளம் இருந்தால் கடல் உள்ளே வரும்."

"மணல் உங்களுக்குத்தானே எடுக்கிறோம்?"

"ஆமாம்" என்றாள். "எங்களுக்கு வேறு மண் இல்லை." மீன் நன்றாக இருக்கிறது என்று தனத்தைப் பார்த்துச் சொன்னாள்.

சுமதி அவளிடம் என்னவோ கேட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் மகள் ஜப்பான் பாஷை படிக்கிறாள். இங்கே அவள் வயதுப் பிள்ளைகள் ஜப்பான் பாஷையோ கொரியப் பாஷையோ படிக்கிறார்கள், எல்லாம் நாட்டை விட்டுப் புறப்படத்தான். அப்பாவின் பாஷை எந்த விசாவுக்கும் உதவாது. நீயும் போகப் போகிறாயா என்று ஆமினாவைக் கேட்டிருக்கிறாள். அவள், சுவர் நின்றால் இருப்பேன், நிற்காவிட்டால் போவேன் என்றாளாம். இதைச் சுமதி எனக்குப் பர்மியில் சொன்னாள். 'அந்தச் சுவர் நிக்குமாப்பா?' என்று கடைசியில் மட்டும் தமிழில் கேட்டாள்.

5

பயிர் சாவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மழையில்லாமல். உப்பில் சாவது வேறு. வயலில் தண்ணீர் நிற்கும், பயிர் தாகத்தில் சாகும். முதலில் நுனி வெளுத்தது. அப்புறம் கதிர் வெளியே வந்தது, வெள்ளையாக, உள்ளே ஒன்றும் இல்லாமல். முத்துவின் ஐந்து ஏக்கர், ஊ டினுடையது மூன்று, கோ லாட்டுடையது இரண்டு. மூன்று வயலிலும் அன்றைக்கு என் பேச்சைக் கேட்டுத்தான் தண்ணீர் பாய்ந்தது.

நான் போனேன். திட்டு வாங்கத்தான் போனேன். அதே நாற்காலியைப் போட்டார்கள். ஊ டினின் மனைவி மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தாள், அவித்த முட்டையெல்லாம் போட்டு. அந்த வீட்டில் அன்று முட்டை இருந்ததே அதிசயம். ஒருவரும் தண்ணீரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சயா இளைத்துவிட்டார் என்றார்கள். மகள் படிப்பு எப்படி என்றார்கள். ஒரு கெட்ட வார்த்தை, ஒரே ஒரு கெட்ட வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் நான் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதற்கும் வழி விடவில்லை. முட்டையைச் சாப்பிட்டேன்.

வைகாசியில் ஊ டின் குடும்பம் தாமுவேயில் ஒரு பின்கட்டுக்குக் குடிவந்துவிட்டது. சந்தையில் நான் காய் வாங்குகிற பக்கம் அவர் வெற்றிலை விற்கிறார். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். நான் இப்போது வேறு சந்தைக்குப் போகிறேன்.

கம்பெனிக்கு வேறு கவலை. கழுவின மணலாக இருந்தால்தான் வாங்குவோம் என்று ஆமினா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். ஆற்றில் நல்ல தண்ணீர் இல்லை. எங்கே இருக்கிறது என்று துளை போட்டுத் தேடினார்கள். ஆழத்தில், ரொம்ப ஆழத்தில், இளநீர் மாதிரித் தண்ணீர் கிடைத்தது. எங்கே என்று கேட்பீர்கள். முத்துவின் வயலில்.

அத்தனை ஆழம் துளை போட முத்துவுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே வசதி இல்லை. கம்பெனிக்கு ஒன்றரை நாள் வேலை. செத்த வயலைக் குத்தகைக்கு எடுத்து, சிமெண்டுத் தளம் போட்டு, ஆற்று மணலைக் கொட்டிக் கழுவுகிறார்கள். முத்துவுக்கு அங்கேயே வேலை. நான்தான் சிபாரிசு செய்தேன். இதற்கு அவன் இன்றுவரை எனக்கு நன்றி சொல்கிறான். லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தடித்த ரப்பர் குழாயோடு, தன் வயலின் நடுவில் நின்று, தன் வயலுக்கு அடியில் கிடந்த தண்ணீரை மணலுக்குப் பாய்ச்சுகிறான்.

மழை முடிந்து ஆமினா இரண்டாம் தரம் வந்தபோது அந்தக் கூத்து நடந்தது. கழுவின குவியலில் ஒரு சிட்டிகை எடுத்து முத்து வாயில் போட்டுத் துப்பினான். "இது இன்னொரு தரம் கழுவணும்" என்றான், தன்பாட்டுக்கு. என்ன சொல்கிறான் என்று ஆமினா கேட்டாள். சொன்னேன். அவள் மருந்தைச் சொட்டிப் பார்த்தாள், வெளுத்தது. அடுத்த குவியல் சுத்தம் என்றான். மருந்து சொட்டினால் தெளிவாக நின்றது. ஆறேழு குவியலில் ஒன்றில்கூட அவன் நாக்கு தப்பவில்லை. ஆமினா அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "மருந்து பாட்டில் இங்கே வைத்துவிட்டுப் போகிறேன். ஆனால் முதலில் இவர் நாக்கு, பிறகு மருந்து" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மருந்து தை மாதமே தீர்ந்துவிட்டது. புதிது வந்து துறைமுகத்தில் கிடக்கிறது. அதற்கு நாலு இலாகாவின் கையெழுத்து வேண்டுமாம், மூன்று கிடைத்திருக்கிறது. ஆக இப்போது முத்துவின் நாக்கு மட்டும்தான். அவன் சுத்தம் என்றால் நான் காகிதத்தில் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கும் நாக்கு இருக்கிறதே என்பீர்கள். வைத்துப் பார்த்தேன். உப்பளத்தில் வளர்ந்த நாக்கு, கொஞ்ச உப்பெல்லாம் அதற்குத் தட்டுப்படவில்லை.

6

அனுமதி புதுப்பித்த மறுநாள், வியாழக்கிழமை, துறைக்குப் போனேன். பார்ஜ் தயாராக நின்றது. வற்றம், ஆற்றில் தண்ணீர் இறங்குகிற நேரம், தொடங்குவதற்குள் புறப்பட வேண்டும், இல்லாவிட்டால் சேற்றில் உட்கார்ந்துவிடும், அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். கடைசிக் குவியல் மட்டும் பாக்கி. முத்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். இருவரும் குழாயடியில் குந்தினோம்.

புதன்கிழமை கவுண்டரில் 'ஒன்றும் இல்லை' என்று சொன்ன பொய் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாகக் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"முத்து, இத்துனூண்டு உப்பையும் உன் நாக்கு கண்டுபிடிக்குதே. அன்னைக்கி பம்புத் தண்ணிய வாயில விட்டியே. அப்போ தெரியலையா?"

அவன் சிரித்தான். இங்கே சங்கடம் வந்தால் இப்படித்தான் சிரிப்பார்கள்.

"வுடுங்க அத்தான். பழசு."

"சொல்லு."

"தெரிஞ்சிச்சு" என்றான். "வாயில விட்ட ஒடனே தெரிஞ்சிச்சு."

"அப்புறம் ஏன்டா பாய்ச்சுன?"

"நீங்க நல்ல தண்ணின்னு சொல்லிட்டீங்களே. ஊரே நிக்கிது. நாக்கு பொய் சொல்லும்னு வேற சொன்னீங்க. அக்கா புருஷன். நான் எந்திரிச்சு, இல்ல சயா, உப்புக் கரிக்குதுன்னு சொன்னா ஒங்க மொகம் என்னாகும்? எனக்கு ஆனாதேயா இருந்திச்சு."

"அஞ்சு ஏக்கர்டா."

"ஆமா" என்றான். "முதல் தண்ணியோட நிறுத்திடலாம்னுதான் பாத்தேன். நீங்க டவுனுக்குப் போன பொறவு நிறுத்திடலாம்னு. ஆனா நாளைக்கி நீங்க வந்து, வயலு ஏன் காஞ்சு கெடக்குன்னு கேட்டா? ஒங்க மேல நம்பிக்க இல்லன்னு ஆயிடும்ல."

டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்தான். ஐயா, என் மேல் இருந்த மரியாதைக்காக ஒருவன் தன் வயலுக்குத் தெரிந்தே விஷம் பாய்ச்சியிருக்கிறான். அந்த மரியாதையை நான் இருபது வருஷம் ஜிப்பா மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு அழ வேண்டும் போல இருந்தது. அழுதிருந்தால் அதற்கும் அவன்தான் சமாதானம் சொல்லியிருப்பான்.

பார்ஜிலிருந்து சங்கு ஊதினார்கள். ஓட்டுகிறவர் வெளியே வந்து ஆற்றைக் காட்டிக் கத்தினார். ஆபீசிலிருந்து போனில், ஏற்றியாச்சா, ஏற்றியாச்சா என்று அரித்தார்கள். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைசிக் குவியலிடம் ஓடினேன். முத்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டான்.

"சுத்தந்தானே? ஏத்திரலாம்ல?" என்றேன்.

கேட்ட பிறகுதான் எப்படிக் கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவன் மணலை வாயிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். கையில் இருந்த பேனாவைப் பார்த்தான். திரும்பி, சங்கு ஊதுகிற பார்ஜைப் பார்த்தான். பிறகு துப்பினான். சிரித்தான்.

"சுத்தம் அத்தான். ஏத்துங்க."

பள்ளிக்கூடத்து மேடையில் கோழியோடு உட்கார்ந்திருக்கிற சனங்களை நான் நினைத்தேன். சுவர் நின்றால் இருப்பேன் என்றவளையும் நினைத்தேன். இன்னொரு தரம் நிஜமாகச் சொல் என்று கேட்கலாம். கேட்டாலும் அதையேதான் சொல்வான், கூடக் கொஞ்சம் சிரிப்பான்.

காகிதத்தைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். வற்றம் தொடங்குவதற்குள் பார்ஜ் புறப்பட்டுவிட்டது.